மீனக்காவின் நான்கு தொட்டிகள்

மீனக்கா ஒரு தெருவுக்குள் வருகிறாள் என்றால் முதலில் வாளியின் சத்தம்தான் கேட்கும். சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும் அந்த பிளாஸ்டிக் வாளிக்கு மூடி சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பி மூடி டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அதைக் கேட்டதும் சிலர் தண்ணீர்த் தொட்டி மேல் போட்டிருக்கும் பலகையை நகர்த்தி வைப்பார்கள். சிலர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஆளில்லாத மாதிரி இருந்துவிடுவார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. "திறக்காட்டிப் போங்க, கொசு என்ன கதவைத் தட்டிட்டா வருது?" என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அவள் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் அந்தக் கதவு திறந்துவிடும்.

நகராட்சியின் கொசு ஒழிப்புப் பிரிவில் அவளுக்கு இருபத்தோரு வருஷ வேலை. மூடாத தொட்டி, பாழுங்கிணறு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய குழி என்று எங்கே தண்ணீர் நின்றாலும் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் வாளியிலிருந்து ஒரு குவளை மீனை மொண்டு விடுவாள். கப்பி மீன். விரல் நுனி நீளம்தான் இருக்கும், ஆனால் கொசுப்புழுவைக் கண்டால் விட்டுவைக்காது. துறையின் வளர்ப்புக் குளத்திலிருந்து வருகிற மீன்கள் அவை. மண்ணைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரு நிறம். எங்காவது ஒன்றுக்கு வாலோரம் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். அவ்வளவுதான் அவற்றின் அலங்காரம்.

அவளுடைய கணவர் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் டெய்லர். ஒரே மகள் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். டெய்லருக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்று. கல்யாணமான மூன்றாம் நாள், தன் பச்சைச் சட்டைக்கு ரத்தச் சிவப்பு நூலில் பொத்தான் தைத்து மாட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மறுநாளே கடையிலிருந்த நூல்கண்டுகள் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி நிறத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கடைக்குப் புது நூல் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அவரோ வம்பே வேண்டாம் என்று சாம்பல் நிறச் சட்டைகளாகவே தைத்துப் போட்டுக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் முற்றத்தில் கருங்கல்லால் கட்டிய வட்டத் தொட்டி ஒன்று இருந்தது. நடுவில் நீரூற்றுக் குழாய். மோட்டார் கெட்டுப் பல வருஷமாகியும் யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் மீனக்கா அரை வாளி மீனை அதில் விட்டாள். மீதி அரை வாளியை ஊர் எல்லையில் இருந்த பழைய கல்குவாரிக் குட்டையில் கொண்டுபோய் ஊற்றினாள். அன்றைக்கு வழியில் சைக்கிள் பஞ்சராகி, வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்ததால் அந்த நாளை அவள் மறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரித் தொட்டி மீன்கள் வருஷம் போகப் போக வேறு மாதிரி ஆயின. கடுகளவு இருந்த ஆரஞ்சு, மிளகளவு ஆனது. பிறகு உடம்பில் பாதியைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நீலப் பொட்டு, வாலில் கறுப்புக் கோடு. ஆண் மீன்களுக்குத்தான் இத்தனை பகட்டும். பெண் மீன்கள் எப்போதும் போல வெளிறிய நிறத்தில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றின. மதியச் சாப்பாட்டை மீனக்கா அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். உள்ளே யாருக்கோ என்னவோ என்று முகம் வாடி உட்கார்ந்திருப்பவர்கள்கூட கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கவலை இல்லாத ஜென்மம், மேனி பளபளன்னு இருக்கு" என்று அவளே அவற்றுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். குவாரிக் குட்டையில் இருந்தவை அப்படியே மண்ணாக இருந்தன. அங்கே தீனி போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வினை அந்தப் பளபளப்பிலிருந்தே வந்தது. ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொதுத் தண்ணீரில் அலங்கார மீன் விடக்கூடாது என்று விதி இருந்தது. ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் மீனக்காவைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் பயந்துவிடுவார்.

"அக்கா, இது என்ன மீன்?" என்று செல்போனை நீட்டினார்.

"நம்ம கப்பிதான் சார்."

"நம்ம கப்பி மண்ணு மாதிரி இருக்கும். இது என்னமோ மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பின மாதிரி இருக்கு?"

"நான் விட்டப்ப அதுவும் மண்ணு மாதிரிதான் சார் இருந்துச்சு. போகப் போகத்தான் இப்படி ஆச்சு."

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "இப்படிச் சொன்னா நான் மேல என்னன்னு எழுதுறது? கடையில வாங்கி விட்டீங்களா, யாராவது கொடுத்தாங்களா? உண்மையைச் சொல்லிடுங்க. சின்ன விஷயம், முடிச்சிடலாம்."

"உண்மையைத்தான் சார் சொல்றேன்."

சின்ன விஷயம் முடியவில்லை. மெமோ வந்தது. துறை கொடுத்த மீன்களை வேறெங்கோ கொடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக அலங்கார மீன்களைத் தொட்டியில் விட்டிருக்கிறாள் என்று குற்றச்சாட்டு. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவள் பெயர் நிறுத்திவைக்கப்பட்டது.

அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. மெமோவை டெய்லரிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இருபத்தோரு வருஷத்துல ஒரே ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டாந்திருப்பேனாங்க?"

டெய்லர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கொண்டாந்திருந்தா நான் வறுக்கச் சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துலதான் நீ கொண்டாரல."

அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது. அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கக் கடிதத்தை அவளே எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். "மீன்கள் தாமாகவே நிறம் பெற்றன" என்ற வரியை ஒருவர் அலுவலகத்தில் உரக்கப் படித்துவிட்டு, "ஏன்க்கா, பவுடர் போட்டுக்கிச்சா?" என்று கேட்டார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மீனக்காவின் காது மடல் சூடானது. வாளியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கொசுவை வகை பிரிக்கிற வேலைக்கு ஆறு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்திருந்த அதிகாரி. எல்லாரும் பூச்சி மேடம் என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுப் பெண். சிரிக்காமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

"அதே வாளியில இருந்து குவாரிக் குட்டையிலயும் விட்டேன்னு எழுதியிருக்கீங்களே. அந்த மீன் இப்பவும் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா அதுல பாக்க ஒண்ணுமில்ல. பழைய மாதிரியே இருக்கு."

"அதைத்தான் பாக்கணும்" என்றாள் பூச்சி மேடம்.

கடை விடுமுறை நாளாகப் பார்த்து மூன்று பேரும் குவாரிக்குப் போனார்கள். டெய்லர் தான் தைத்த கைவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வெட்டிய பாறைகளுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர் நின்றது. பூச்சி மேடம் கரையில் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"மீனே இல்லையே அக்கா."

மீனக்கா பழகிய கண்ணால் துழாவி, "அங்க ஒண்ணு, அதோ ரெண்டு" என்று கை காட்டினாள்.

"என்ன ரெண்டு? அந்தக் கல்லுக்குக் கீழ மட்டும் பதினஞ்சு இருக்கே" என்றார் டெய்லர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாவகாசமாக விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பாசிப் பச்சை, மண் பழுப்பு என்று மற்றவர்கள் கண் நிறத்தில் சிக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணுக்கு நிறம் குறுக்கே வரவில்லை. உருவமும் அசைவும்தான் தெரிந்தன. கைவலையை வீசிப் பார்த்ததில் பதினான்கு விழுந்தது. "ஒண்ணு தப்பிச்சிருச்சு" என்றார். ஐம்பது வருஷமாகத் தன் கண்ணைக் குறையாகவே நினைத்திருந்த மனுஷர் அன்று கரையில் நடந்த நடையே வேறு.

கிளம்புகிற நேரத்தில்தான் அது நடந்தது. கரையோரம் ஓர் ஆண் மீன் ஒரு பெண் மீனின் முன்னால் உடம்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிட அதற்குப் புள்ளி கொஞ்சம் பெரிது. திரும்பும்போதெல்லாம் வெயில் பட்டு ஆரஞ்சு பளிச்சிட்டது. பாறை நிழலிலிருந்து ஒரு விரால் அம்பு மாதிரி வந்தது. தண்ணீர் ஒரு முறை சுழன்றது. ஆடிக்கொண்டிருந்த மீனைக் காணோம். பெண் மீனும், பக்கத்தில் இருந்த மண் நிற மீன்களும் அப்படியே கல்லோடு கல்லாக நின்றன.

மீனக்கா வாயில் கை வைத்தாள். தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்: "ஆஸ்பத்திரித் தொட்டியில விரால் இல்ல."

"ஆமாக்கா" என்றாள் பூச்சி மேடம்.

"அங்க ஆடுறவன் ஆடிக்கிட்டே இருக்கலாம். அவன் பின்னாலயே பொண்ணுங்க போகும். குட்டியும் அவன மாதிரியே பொறக்கும். இங்க ஆடினா ஆட்டம் முடியறதுக்குள்ள ஆளே காலி." நிறுத்திக் கேட்டாள்: "ஆனா மேடம், இந்த மீனுங்க பயந்து பயந்து நிறம் மங்கிப்போயிருக்காதா? மனுஷனே கவலையில கறுத்துப்போறான்."

"ஒரு மீன்கூட மாறல அக்கா. யாரு மிஞ்சுறாங்கங்கிறதுதான் மாறுது. பளிச்சுன்னு பொறந்தது சீக்கிரம் போயிடுது. மங்கலாப் பொறந்தது மிஞ்சிக் குட்டி போடுது. பத்து வருஷத்துல முப்பது தலைமுறை ஆயிருக்கும்."

மீனக்கா தலையை ஆட்டினாளே தவிர மனசு ஒப்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து ஒரு பளிச்சென்ற ஆணைப் பிடித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, அலுவலக ஜன்னலில் வைத்தாள். அதை ஒட்டி இன்னொரு ஜாடியில் குவாரியிலிருந்து பிடித்த விரால் குஞ்சு. பயந்து நிறம் மங்குகிறதா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானம். வழியில் போகும்போது எட்டிப் பார்த்த டெய்லர், "பாவம்டி, எமனைப் பாத்துக்கிட்டே தினமும் சாப்பிடுது" என்றார். ஒரு மாதம் ஆயிற்று. ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது. அந்த மீன் எமனைச் சட்டை செய்யாமல் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. மீனக்கா ஜாடியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு நேராகப் பூச்சி மேடத்திடம் வந்தாள்.

"நீங்க சொன்னது சரி மேடம். ஆனா நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் இவங்க சிரிக்கத்தான் போறாங்க. ரெண்டு எடத்து மீனையும் ஒண்ணாக் கலந்து விடுவோம். பாதித் தொட்டியில விரால் போடுவோம், பாதியில வேண்டாம். அவங்க கண்ணாலயே பாக்கட்டும்."

பூச்சி மேடம் அவளையே பார்த்தாள். "இதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். ஆனா வருஷக்கணக்குல ஆகுமேன்னு யோசிச்சேன்."

"எனக்கென்ன அவசரம் மேடம்? மெமோ எங்க போயிடப் போகுது?"

நகராட்சிப் பூங்காவின் பின்புறம், செடி வளர்க்கிற இடத்தில் நான்கு சிமெண்ட் தொட்டிகள் சும்மா கிடந்தன. பூச்சி மேடம் எழுதிப் போட்டு அனுமதி வாங்கினாள். மீனக்கா வேலை முடிந்த பிறகு தினமும் போய்த் தேய்த்துக் கழுவினாள். நான்கிலும் ஒரே அளவு கூழாங்கல், ஒரே மாதிரி நீர்ச்செடி, ஒரே தண்ணீர். ஆஸ்பத்திரி மீனும் குவாரி மீனும் சரிபாதி; சூப்பர்வைசரே வந்து கலந்து கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டார். ஒன்றாம் தொட்டிக்கும் மூன்றாம் தொட்டிக்கும் விரால் கிடையாது. இரண்டிலும் நான்கிலும் ஆளுக்கொன்று. விரால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால் நான்கு தொட்டிக்கும் டெய்லர் வலையில் மூடி தைத்தார். ஓரத்தில் நாடா, நாடாவில் முடிச்சு, முடிச்சுக்கு மேல் மடிப்புத் தையல். "இது மீன் தொட்டிங்க, பள்ளிக்கூடப் பிள்ளை இல்ல" என்றாள் மீனக்கா. "எதுவானாலும் தையல் தையல்தான்" என்றார் அவர்.

விராலைத் தொட்டியில் இறக்குகிற நாளில்தான் அவளுக்குக் கை வரவில்லை. இரண்டாம் தொட்டியில் ஒரு மீன் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறம் சால்வை போர்த்திய மாதிரி விழுந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள். அவள் நிழல் விழுந்தால் மேலே வந்து வாயைத் திறக்கும்.

"இதை மட்டும் எடுத்து ஒண்ணாம் தொட்டியில விட்டுறட்டுமா மேடம்?"

பூச்சி மேடம் நோட்டை மூடினாள். "எடுத்தா கணக்கு கெட்டுப்போகும் அக்கா. ஆனா உங்களைத் தடுக்க எனக்கும் வாய் வரல."

மீனக்கா கைவலையைக் கீழே வைத்துவிட்டாள். வலது கையால் விரால் இருந்த பையைத் தண்ணீரில் இறக்கி, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் அவள் நிழல் விழுந்தபோது எதுவும் மேலே வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே கொண்டுபோய் வாயில போட்ட மாதிரி இருக்குங்க."

"குவாரியில உன்ன யாரு கேட்டா? அங்க தினமும்தான் நடக்குது" என்றார் டெய்லர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சரி, சொல்லு. அது அழகா இருந்துச்சா? எனக்கு எப்படியும் தெரிஞ்சிருக்காது."

அவள் சொன்னாள். ஆரஞ்சு எங்கே தொடங்கி எங்கே முடியும், நீலம் எங்கே, ஆடும்போது வால் எப்படி விரியும் என்று விலாவாரியாகச் சொன்னாள். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணுங்க ஏன் அவன் பின்னாலயே போச்சு?"

"அழகா இருந்தான், போச்சு."

"அப்ப நீ என்னை ஏன் கட்டிக்கிட்ட? இந்தச் சாம்பல் சட்டையைப் பாத்தா?"

"உங்கள எந்த விராலும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதேன்னுதான்" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்து போய்ப் பார்த்தால் நான்காம் தொட்டியில் விரால் மட்டும் தனியாக, வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. ஒன்று மிச்சமில்லை. வளர்ந்துவிட்ட விரால், பளிச்சென்றும் பார்க்கவில்லை, மங்கல் என்றும் பார்க்கவில்லை. மூன்று மாத உழைப்பு போனது. மீனக்கா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அந்த விராலை வாயில் வந்தபடி திட்டினாள். பிறகு அதைக் குவாரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதைவிடச் சிறியதாக ஒன்றைப் பிடித்துவந்தாள். ஒளிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் செடி வைத்து, மறுபடியும் மீன் கலந்து விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தொட்டியிலும் விரால் வளர வளர எடுத்துவிட்டுச் சின்னதாக மாற்றிக்கொண்டே இருந்தாள்.

வாரம் ஒரு முறை மேலிருந்து பார்த்து எண்ணி நோட்டில் எழுத வேண்டும். விரால் இல்லாத தொட்டிகளில் அவளுக்குச் சிரமமில்லை. விரால் இருந்த தொட்டிகளில் அவள் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. மறுபடியும் காலியாகிறது என்று பயந்துபோனாள். டெய்லர் வந்து எண்ணினார். அவள் முப்பது என்று எழுதிய இடத்தில் அவர் நாற்பத்தாறு என்றார். வலை போட்டு எடுத்துப் பார்த்ததில் நாற்பத்தெட்டு இருந்தது. மீன் குறையவில்லை, அவள் கண்ணுக்குத் தெரிகிற மீன்தான் குறைந்திருந்தது. கூழாங்கல்லின் மேல் போய் நின்றால் கல்லாகவே தெரிகிற குட்டிகள் வளர்ந்துவந்திருந்தன. "என் கண்ணுக்கே தெரியலன்னா விராலுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் சொன்னதைப் பூச்சி மேடம் அப்படியே குறித்துக்கொண்டாள்.

பதினாறு மாதம் ஆன பிறகு எல்லாரையும் கூப்பிட்டார்கள். படம் எடுத்துக்கொண்டு போன மேலதிகாரியும் வந்திருந்தார். பூச்சி மேடம் நான்கு வெள்ளைத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தொட்டியின் ஆண் மீன்களிலும் இருபதை எடுத்து விட்டு, தட்டுகளை இடம் மாற்றி வைத்தாள். எந்தத் தட்டிலும் எண் எழுதவில்லை.

"சார், நீங்களே சொல்லுங்க. விரால் இருந்த தொட்டி மீன் எது, இல்லாத தொட்டி மீன் எது?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

சூப்பர்வைசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் தட்டின் மேல் குனிந்தார். இருபதில் பதினாறு ஆரஞ்சும் நீலமுமாக மின்னின. "இது விரால் இல்லாதது." அடுத்த தட்டில் புள்ளி இருந்தது மூன்றுக்குத்தான், அதுவும் கடுகளவு. "இது இருந்தது." மூன்றாவது இல்லாதது. நான்காவதின் முன் கொஞ்சம் தயங்கினார். அது நடுவில் காலியாகி மறுபடி விட்ட தொட்டி, காலம் போதாமல் ஆறு மீனுக்குப் புள்ளி மிச்சம் இருந்தது. ஆனாலும், "இதுவும் இருந்ததுதான்" என்றார். நான்கும் சரி.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. "நாலு தொட்டியிலயும் ஒரே மீனைத்தானே விட்டீங்க?"

"ஒரே மீன்தான் சார். நீங்கதான் அன்னைக்குக் கலந்து கொடுத்தீங்க, கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்க" என்றாள் மீனக்கா.

மேலதிகாரி ஒவ்வொரு தட்டாகப் படம் எடுத்தார். கடைசித் தட்டில் வெகுநேரம் நின்று, "இதுல அந்த மங்கலானதெல்லாம் இப்பப் பொறந்ததா, முன்னாடியே இருந்ததா?" என்று கேட்டார். அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது என்று பூச்சி மேடம் பிற்பாடு சொன்னாள். பத்து நாளில் மெமோவை ரத்து செய்து மூன்று வரிக் கடிதம் வந்தது. அதில் வருத்தம் என்ற வார்த்தை இல்லை. ஆனால் பவுடர் கேலி செய்தவர், தன் வீட்டுத் தொட்டியில் விட மீனக்காவிடம் ஒரு குவளை மீன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு அவள் தட்டுகளைத் திரும்பத் தொட்டிகளில் கவிழ்த்தாள். மின்னுகிற மீன்களை முதலில் விட்டாள். இரண்டாம் தொட்டி மீன்களை விடும்போது கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள். இத்தனை வருஷமாக இந்த மண் நிற மீன்களை அவள் ஏழைச் சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருந்தாள். தீனி போதாமல் மெலிந்தவை, பாவம், என்று. தினமும் சாவின் வாய்க்கு முன்னால் நின்று பிழைத்து, பிள்ளை பெற்று, பிள்ளைக்கும் அந்தப் பிழைப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் இது என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது. "தப்பா நினைச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கவிழ்த்தாள். அந்த இருபதும் கூழாங்கல்லுக்குள் போய் மறைய ஒரு நொடிகூட ஆகவில்லை.

பதவி உயர்வு வந்தது. வளர்ப்புக் குளத்தையே அவள் பொறுப்பில் விட்டார்கள். வாரத்தில் மூன்று நாளாவது தெருவுக்குப் போவேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். பூச்சி மேடம் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள். போன இடத்திலிருந்து அடுத்த வருஷமே ஒரு அழைப்பு வந்தது. நாற்பது கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி, மீனக்கா வந்து பேச வேண்டும்.

மைக்கைப் பிடித்து, எழுதிவைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியையே இரண்டு முறை படித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டெய்லர், புதுச் சட்டையில் விறைப்பாக, அவளைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, "எல்லாரும் என்ன வாளி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் யாரும் அசையவில்லை.

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் பணியாளர் பக்கத்தில் வந்தாள். "அக்கா, இங்க பின்னால பழைய கொதிகலன் கூடத்துல ஒரு தொட்டி இருக்கு. அதுல மீனெல்லாம் கறுப்பா இருக்கு. நம்ம விட்டது கறுப்பு இல்ல. விரால் எதுவும் கிடையாது. அது ஏன்?"

"தொட்டி அடி என்ன நிறம்?"

"கவனிக்கல அக்கா."

"மேல ஏதாவது வந்து உக்காருமா? மீன்கொத்தி, கொக்கு?"

"அதுவும் தெரியல."

மீனக்கா தன் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டாள். "சாப்பாடு எங்கயும் போகாது. வா, பாத்துட்டு வந்துடலாம்."

அவர்கள் போவதைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். பூச்சி மேடம் டார்ச்சைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினாள். கூடத்தின் தொட்டி நெஞ்சுயரம். மீனக்கா விளிம்பில் வயிற்றை அழுத்தி, கால் தரையிலிருந்து எழும்ப, உள்ளே கையை விட்டு அடியைத் துழாவினாள். முழங்கை வரை கரிப்பிசுக்கு ஏறியது. மேலே கூரை ஓட்டையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து, கீழே நடக்கும் கூட்டத்தை எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தது. மதிய வகுப்பு அன்று முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.